கேள்வி ஞானமும் அப்பியாசமும்

கோபம் கெடுதி என்பதை அறியாதவர் நம்மில் யாருமில்லை. பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். நீதி நூல்களில் படித்திருக்கிறோம். பிறருக்கு, அதிலும் வீட்டுப் பிள்ளைகளுக்கு, சலிக்காமல் உபதேசித்தும் வந்திருக்கிறோம். ஆயினும் எதிரே நிற்பவன் சொல்லத்தகாத ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால், அத்தனை காலமாகச் சேர்த்துவைத்த அந்த அறிவு ஒரு கணமேனும் நம் துணைக்கு வருவதில்லை. பேசத்தகாததை நாமும் பேசி, நட்பும் முறிந்து, வீட்டுக்குத் திரும்பிப் படுக்கையில் சாய்ந்த பிறகே அது நிதானமாக வந்து நின்று நம்மைக் கண்டிக்கத் தொடங்குகிறது.

அறிவு இருந்தும் அது வேண்டிய வேளையில் உதவாமற்போவதற்குக் காரணம் யாது, அதை உதவும்படி செய்துகொள்ள வழி ஏதேனும் உண்டா என்ற கேள்வியை முதன்மையான விஷயமாக எடுத்துக்கொண்டு ஆராய்ந்த சாஸ்திரம் யோகம். 2015-ஆம் ஆண்டு முதல் ஜூன் 21-ஆம் நாள் சர்வதேச யோகா தினமாகக் கொண்டாடப்பட்டு வருவதனால், மைதானங்களில் ஆயிரக்கணக்கானோர் ஒருசேரக் கைகளை உயர்த்தி நிற்கும் காட்சியே யோகம் என்ற சொல்லைக் கேட்டதும் பலர் மனத்தில் எழுகிறது. ஆனால் அந்த சாஸ்திரத்துக்கு மூலநூலாக விளங்கும் பதஞ்சலியின் யோக சூத்திரத்தில், நான்கு பாதங்களிலுமாக உள்ள 195 சூத்திரங்களில், ஆசனத்தை நேரே விளக்குபவை மூன்றே மூன்றுதான். மற்றவையெல்லாம் சித்தத்தின் இயல்பையும், அது கலங்கும் விதங்களையும், அதைத் தெளிவிக்கும் உபாயங்களையும், தெளிந்த பின் விளையும் பயன்களையும் கூறுபவை.

சரியான அறிவு பிறக்கும் வழிகளாகப் பதஞ்சலி மூன்றைக் குறிப்பிடுகிறார். நேரே காண்பது பிரத்தியட்சம். கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்வது அனுமானம். நம்பத்தக்க ஒருவர் வாயிலாகக் கேட்டறிவது ஆகமம். மூன்றும் பிரமாணங்களே, ஒன்றையும் அவர் இகழவில்லை. எனினும் அதே முதற்பாதம் முடிவுறும் தறுவாயில், கேள்வியாலும் அனுமானத்தாலும் வரும் அறிவு வேறு, ஒருமைப்பட்டுத் தெளிந்த சித்தத்தில் உதிக்கும் அறிவு வேறு என்றும், முன்னது பொருளின் பொதுத்தன்மையோடு நின்றுவிட, பின்னது அதன் விசேஷத்தையே பற்றுகிறது என்றும் பிரித்துக் காட்டுகிறார். யோகத்தில் அப்பியாசத்துக்கு ஏன் அத்தனை இடம் கொடுக்கப்பட்டது என்பதற்கான காரணம் முழுவதும் இந்தப் பாகுபாட்டில் அடங்கியிருக்கிறது.

மூச்சை மெல்ல நீட்டி வெளிவிட்டால் மனம் அமைதியுறும் என்று ஒரு நூல் கூறுவதாக வைத்துக்கொள்வோம். அது எல்லா மனிதருக்கும் பொதுவாகக் கூறப்பட்ட வாக்கியம், உண்மையான வாக்கியமுங்கூட. ஆனால் அதைப் படித்தவர் ஒரு நாள் காலையில் தரையில் அமர்ந்து அவ்வாறு செய்யத் தொடங்கும்போது, தம்முடைய வெளிமூச்சு பாதிவழியிலேயே தடைப்படுவதையும், அவ்வேளையில் தோள்கள் தம்மையறியாமல் காதுகளை நோக்கி ஏறுவதையும், முதல் நாள் அலுவலகத்தில் பட்ட அவமானம் ஞாபகத்துக்கு வரும்போதெல்லாம் அடிவயிறு இறுகுவதையும் காண்கிறார். இவற்றுள் எதுவும் அந்த நூலில் இல்லை, இருக்கவும் முடியாது. நூல் மனிதனைப் பற்றிச் சொன்னது. அப்பியாசமோ இன்ன மனிதரை, இன்ன நாளில், இன்ன நிலையில் அவருக்கே எடுத்துக் காட்டியது. பொதுவான உண்மை ஒருவருடைய சொந்த உண்மையாக மாறுவது இந்த இடத்தில்தான்.

இதே கருத்தை உபநிஷதம் வேறொரு முறையில் வகுத்துக் காட்டுகிறது. துறவு பூண்டு புறப்படவிருந்த யாக்ஞவல்கியர், செல்வத்தை வேண்டாமல் அமிருதத்துவத்தை வேண்டி நின்ற தம் மனைவி மைத்ரேயிக்கு உபதேசித்ததாகப் பிருகதாரண்யகத்தில் வரும் பகுதியில், ஆன்மாவைக் காணவேண்டும், அதற்காக அதைப் பற்றிக் கேட்க வேண்டும், சிந்திக்க வேண்டும், இடைவிடாது தியானிக்க வேண்டும் என்ற முறை வைக்கப்பட்டிருக்கிறது. பின்வந்த வேதாந்திகள் இவற்றைச் சிரவணம், மனனம், நிதித்தியாசனம் என்று மூன்று படிகளாக விளக்கினார்கள். கேட்டதைச் சிந்தித்து ஐயம் தீர்ந்த பிறகும் மூன்றாவதாக ஒரு படி வேண்டியிருந்தது என்பது கவனிக்கத்தக்கது. ஐயம் தீர்ந்துவிட்டால் காரியம் முடிந்தது என்று நினைப்பது கல்லூரியில் பரீட்சை எழுதித் தேறிய நம்முடைய பழக்கம். அங்கேதான் காரியம் தொடங்குகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு.

அப்பியாசம் என்றால் என்ன? ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதெல்லாம் அப்பியாசமாகிவிடாது. சித்தத்தை நிலைபெறச் செய்வதற்காக எடுக்கும் முயற்சியே அப்பியாசம் என்று வரையறுக்கும் பதஞ்சலி, அது உறுதிப்படுவதற்கு மூன்று நிபந்தனைகளை விதிக்கிறார்: நீண்ட காலம் செய்யப்பட வேண்டும், இடையறாமல் செய்யப்பட வேண்டும், மதிப்போடும் கவனத்தோடும் செய்யப்பட வேண்டும். முதல் நிபந்தனை ஆவலால் தொடங்கி ஒரு மாதத்தில் பலன் கேட்பவரை எச்சரிக்கிறது. இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் செய்து மற்ற ஆறு நாட்களையும் மறந்துவிடுபவரை. மூன்றாவது, கையும் காலும் ஆசனத்தில் இருக்க, மனம் கடைவீதியில் உலாவிக்கொண்டிருப்பவரை. இந்த மூன்றாவது நிபந்தனைக்கு உரை கூற வந்த வியாச பாஷ்யம், தவம், பிரமசரியம், வித்தை, சிரத்தை என்ற நான்கும் கூடியிருத்தலே அது என்கிறது. இவற்றுள் வித்தையும் ஒன்றாக எண்ணப்பட்டிருப்பதை நாம் மறந்துவிடலாகாது. கல்வியை விலக்கிவிட்டு அப்பியாசம் இல்லை.

தடைகளையும் யோக நூலோர் மறைக்கவில்லை. நோய், மனத்தின் மந்தம், ஐயம், அஜாக்கிரதை, சோம்பல், போகங்களில் விடாப்பற்று, மயங்கிய காட்சி, எட்டவேண்டிய படியை எட்டாமை, எட்டிய படியில் நிலைத்திராமை என ஒன்பது இடையூறுகளை யோக சூத்திரம் வரிசையாக அடுக்குகிறது. பட்டியலின் தலைப்பில் நிற்பது தத்துவச் சிக்கல் எதுவுமன்று, உடம்பின் நோய். முடிவில் நிற்பது தோல்வியன்று, வென்றதைத் தக்கவைத்துக்கொள்ள இயலாமை. யோகம் பயின்று விட்டுவிட்ட எவரும் இந்த ஒன்பதில் தம்முடைய காரணத்தை எளிதில் கண்டுகொள்ளலாம். இவற்றோடு கூடவே வரும் அடையாளங்களாகத் துக்கம், மனச்சோர்வு, உடல் நடுக்கம், ஒழுங்கற்ற சுவாசம் என்ற நான்கும் சொல்லப்பட்டிருக்கின்றன. மனம் சிதறியிருக்கிறதா என்பதை மனத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட மூச்சைக் கவனித்துத் தெரிந்துகொள்வது எளிது என்பதை அவர்கள் அப்போதே அறிந்திருந்தார்கள்.

மூச்சுக்கு இத்தகைய மேன்மை வாய்த்ததற்கு உடற்கூற்று நூலும் காரணம் கூறுகிறது. இருதயத் துடிப்பையோ இரைப்பையின் வேலையையோ நாம் நினைத்தபடி நேரே ஏவ இயலாது. கைகால்களை ஏவலாம், ஆனால் அவை ஏவாமல் இயங்குவதில்லை. சுவாசமோ நாம் உறங்கும்போது தானாகவும் விழித்திருக்கும்போது வேண்டினால் நம் விருப்பப்படியும் நடப்பது. உள்மூச்சின்போது இருதயம் சற்று விரைவாகவும், வெளிமூச்சின்போது, வேகஸ் எனப்படும் நரம்பின் செயலால், சற்று மெதுவாகவும் துடிக்கிறது. ஓய்வாக இருக்கும் ஒருவர் நிமிஷத்துக்கு 12 முதல் 20 தடவை வரை சுவாசிக்கிறார். அதை வலிந்து அடக்காமல் ஏறத்தாழ 6 தடவையாகக் குறைத்துக்கொள்ளும்போது துடிப்பின் இந்த ஏற்றத்தாழ்வு பெரிதாகி, உடல் ஓய்வு நிலைக்குத் திரும்புகிறது. ஆகவே நேரடியாக நம் ஆணைக்குக் கட்டுப்படாத உள்ளுறுப்புகளிடமும் சுவாசத்தின் மூலமாக நாம் ஓரளவு பேச முடிகிறது.

கேள்வி ஞானத்துக்கும் அனுபவத்துக்கும் உள்ள தூரம் பிராணாயாமத்தில் புலப்படுவதுபோல் வேறெங்கும் புலப்படுவதில்லை. அட்டாங்க யோகத்தைத் தமிழில் விரித்துரைத்த திருமூலர், தம் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில், மூச்சை உள்ளிழுக்கும் பூரகம் 16 மாத்திரை அளவும், உள்ளே நிறுத்தும் கும்பகம் 64 மாத்திரை அளவும், வெளிவிடும் இரேசகம் 32 மாத்திரை அளவும் என்று கூறியிருக்கிறார். இந்த மூன்று எண்களையும் மனப்பாடம் செய்துகொள்ள ஒரு நிமிஷம் போதும். ஆனால் இவற்றைப் படித்த அன்றே அறுபத்து நான்கு எண்ணும்வரை மூச்சைப் பிடித்துப் பார்க்கத் துணிபவர், தலைச்சுற்றலையும் படபடப்பையும் தவிர வேறொன்றையும் பெறமாட்டார். 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஹடயோகப் பிரதீபிகையில், முறைதவறிய பிராணாயாமத்தால் விக்கல், இரைப்பு, இருமல், தலைவலி, காதுவலி, கண்வலி முதலியன உண்டாகும் என்று வெளிப்படையாகவே எச்சரிக்கப்பட்டிருக்கிறது. நூலில் உள்ள எண், நெடுங்காலம் பயின்றவர் சென்று சேர்ந்த இடம். பயில வருபவர் காலடி வைக்கவேண்டிய இடமன்று. இரண்டுக்கும் இடையிலுள்ள வழியை எண்கள் சொல்வதில்லை.

ஒன்றைத் தெரிந்திருப்பதும் செய்யத் தெரிந்திருப்பதும் இருவேறு அறிவுகள் என்பதை ஆங்கிலத் தத்துவ ஆசிரியரான கில்பர்ட் ரைல் 1949-இல் வெளியிட்ட தம் நூலில் வாதித்து நிறுவ முயன்றார். அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின், மருத்துவ உலகம் அதற்கு எதிர்பாராத ஒரு சான்றைக் கண்டது. அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்ற இளைஞருக்குத் தீராத வலிப்பு நோயைத் தீர்ப்பதற்காக 1953-இல் மூளையின் இருபுறத்திலும் உட்பகுதியில் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. அதன்பின் அவருக்குப் புதிதாக எந்தச் சம்பவத்தையும் நினைவில் வைத்துக்கொள்ள இயலாமற்போயிற்று. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு நட்சத்திரத்தின் உருவத்தைப் பென்சிலால் வரையும்படி பிரெண்டா மில்னர் என்ற உளவியல் அறிஞர் அவருக்குப் பயிற்சி கொடுத்தார். மூன்று நாள் பயிற்சியில் அவர் கை பிழைகளைக் குறைத்துக்கொண்டே சென்றது. ஆனால் அந்தப் பயிற்சியைத் தாம் முன்னே செய்ததாக அவருக்கு ஒரு நாளும் ஞாபகம் இல்லை. சொல்லாகவும் சம்பவமாகவும் சேர்த்துவைக்கும் நினைவு ஒரு வழி. செய்து செய்து உடம்பிலும் நரம்பிலும் ஊறும் நினைவு மற்றொரு வழி என்பது இதனால் தெளிவாயிற்று.

நம் முன்னோர் இந்த இரண்டாம் வகைப் பதிவைச் சம்ஸ்காரம் என்று கூறினார்கள். ஒவ்வொரு செயலும் ஒவ்வோர் எண்ணமும் சித்தத்தில் ஒரு தடத்தை விட்டுச் செல்கிறது. ஆழ்ந்த தடத்தின் வழியே அடுத்த செயல் தானே ஓடுகிறது. கோபத்தின் தடம் பல வருஷங்களாக உழுது ஆழமாக்கப்பட்டது. கோபம் தகாது என்ற உபதேசமோ காதளவில் நின்றது. இரண்டும் மோதும்போது எது வெல்லும் என்று கேட்கவும் வேண்டுமோ? பழைய சம்ஸ்காரத்தை வாதத்தால் வெல்ல முடியாது. வேறொரு சம்ஸ்காரத்தால்தான் வெல்ல முடியும் என்பது யோகத்தின் முடிபு. நாள்தோறும் அமர்ந்து, சுவாசம் தடுமாறுவதைக் கண்டு அதை மெல்ல நேர்ப்படுத்திப் பழகியவருக்கு, சினம் மூளும் சமயத்திலும் சுவாசம் மாறுவது முதலில் தெரிகிறது. தெரிந்த மாத்திரத்தில் அதை நேர்ப்படுத்தும் பழக்கமும் கூடவே எழுகிறது. அந்தச் சிறு இடைவெளியில்தான் முன்பு படித்த நீதி நுழைய இடம் கிடைக்கிறது.

இதைத் தம் வாழ்க்கையால் காட்டியவர்கள் சென்ற நூற்றாண்டில் சிலர் இருந்தார்கள். மலாயாவில் மருத்துவராகப் பணிபுரிந்து, பின்னர் துறவு பூண்டு ரிஷிகேசத்தில் வாழ்ந்த சுவாமி சிவானந்தர், 1887-இல் திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் பிறந்தவர். ஏராளமான நூல்களை எழுதிய அவரே, நூல் படிப்பதோடு நின்றுவிடலாகாது என்று கருதித் தம் மாணாக்கர்களுக்கு ஆத்மிக தினக்குறிப்பு என்ற ஒரு பயிற்சியை விதித்தார். எத்தனை மணிக்கு எழுந்தாய், எத்தனை மணி நேரம் உறங்கினாய், எத்தனை பிராணாயாமம் செய்தாய், எவ்வளவு நேரம் மௌனம் காத்தாய், எத்தனை பொய் சொன்னாய், எத்தனை முறை கோபித்தாய் என்பன போன்ற வினாக்களுக்கு ஒவ்வொரு நாளும் விடை எழுதிவர வேண்டும். உயர்ந்த தத்துவங்களை ஓதும் ஒருவரை, இன்றைக்கு எத்தனை பொய் என்று கேட்டு நிறுத்துகிற இந்த முறையில் மருத்துவரின் கை தெரிகிறது.

சுவாமி குவலயானந்தர் சென்ற வழி மற்றொன்று. 1924-இல் லோணாவாலாவில் கைவல்யதாமத்தை நிறுவிய அவர், யோகிகள் கூறியவற்றை நம்புவதும் மறுப்பதும் ஆகிய இரண்டையும் விடுத்து, எக்ஸ்ரே முதலிய கருவிகளின் துணையோடு சோதித்துப் பார்க்க முற்பட்டார். வயிற்றுத் தசைகளைச் சுழற்றும் நௌலி என்னும் கிரியையைச் செய்யும்போது பெருங்குடலின் உள்ளே அழுத்தம் குறைகிறது என்பதை அளந்து காட்டி, அதன்மூலம் நீரை உள்ளிழுப்பதாக யோகிகள் சொல்லிவந்தது எவ்வாறு நிகழ்கிறது என்பதை விளக்கினார். தனியொருவரின் அனுபவத்தை மற்றவர்களும் சரிபார்க்கத்தக்க அறிவாக மாற்றும் பணியை அவர் மேற்கொண்டார்.

மைசூர் மகாராஜாவின் ஆதரவில் யோகசாலை நடத்தி, பின்னர் சென்னைக்கு வந்து நூறு வயதையும் கடந்து வாழ்ந்த திருமலை கிருஷ்ணமாச்சாரியார், வேத வேதாந்தங்களில் ஆழ்ந்த பாண்டித்தியம் உடையவர். அவரிடம் பயின்ற பி.கே.எஸ். ஐயங்கார், மலேரியா, டைபாய்டு, காசநோய் ஆகியவற்றால் வாடிய நோயாளிச் சிறுவனாக மைசூருக்கு வந்து சேர்ந்து, 1937-இல் ஆசிரியராகப் புனேக்கு அனுப்பப்பட்டார். குருவிடம் கற்றது கொஞ்சமாகவே இருந்ததனால், நாள்தோறும் பல மணி நேரம் தம் உடம்பையே பாடப்புத்தகமாகக் கொண்டு பயின்று, அந்தப் பயிற்சியில் கண்டதையெல்லாம் தொகுத்து 1966-இல் நூலாக வெளியிட்டார். கிருஷ்ணமாச்சாரியாரின் புதல்வர் தேசிகாசாரோ பொறியியல் பட்டம் பெற்றவர். தூக்கமின்மையால் வருந்திய அயல்நாட்டு மாது ஒருவர் கிருஷ்ணமாச்சாரியாரின் சிகிச்சையால் மாத்திரையின்றி உறங்கி எழுந்து, தெருவென்றும் பாராமல் நன்றி பெருகக் கூவிக்கொண்டு வந்ததை நேரில் கண்ட பிறகே, வீட்டிலேயே இருந்த வித்தையின் அருமை அவருக்குப் புலனாயிற்று. வித்தை பிறந்த வீட்டில் பிறந்திருந்தும் அதைக் கேட்டு வளர்ந்தது போதவில்லை. 1976-இல் அவர் சென்னையில் நிறுவிய கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம், ஒவ்வொருவரின் வயது, தொழில், உடல்நிலை ஆகியவற்றுக்கு ஏற்பத் தனித்தனியே பயிற்சி வகுத்துத் தரும் முறையைக் கைக்கொண்டது. பொதுவான சாஸ்திரம் விசேஷமான மனிதருக்கு வந்து சேரவேண்டிய வழி அதுவே.

இவ்வளவும் சொல்லியபின், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நூலறிவைத் தள்ளிவிடலாமோ என்றால், அதுவும் பிழையாகும். ஏட்டுச் சுரைக்காயைச் சமைக்க முடியாது என்பது மெய்யே. ஆனால் எந்தப் பட்டத்தில் விதையிடுவது, எப்போது பந்தல் போடுவது என்பதை ஏடுதான் சொல்கிறது. அனுபவம் என்பதனாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. ஒன்பது இடையூறுகளுள் மயங்கிய காட்சியும் ஒன்றாக எண்ணப்பட்டதற்குக் காரணம் இதுவே. கண்ணை மூடியதும் ஒளி தெரிந்தது என்றும், நாத ஒலி கேட்டது என்றும் மகிழ்ந்து, அதையே சித்தி என்று கொண்டு, பிறருக்கு உபதேசிக்கவும் தொடங்கிவிட்டவர்களை நாம் பார்க்காமல் இல்லை. கண்டது சரிதானா என்று உரைத்துப் பார்க்க சாஸ்திரமும், வழிதவறினால் சொல்லித் திருப்ப ஆசிரியரும், நடத்தையில் மாறுதல் வந்ததா என்று சாட்சி சொல்ல வீட்டிலுள்ளவர்களும் வேண்டும். இம்மூவரில் கடைசியில் சொல்லப்பட்டவர்களை ஏமாற்றுவது மிகவும் கடினம்.

சாமானிய மனிதர் செய்யக்கூடியது என்ன என்று கேட்கலாம். உணவுக்கு முன், இயன்றவரை ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், இருபது நிமிஷம் ஒதுக்கினால் தொடக்கத்துக்குப் போதும். அதில் உடம்புக்கு ஏற்ற நாலைந்து ஆசனங்கள், மூச்சை அடக்காமல் மெதுவாக்கும் சுவாசப் பயிற்சி, முடிவில் சில நிமிஷம் பேசாதிருத்தல் ஆகியவை அமையலாம். இருதய நோய், உயர் இரத்த அழுத்தம், முதுகுத்தண்டுக் கோளாறு உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் மருத்துவரைக் கலந்த பிறகே எதையும் தொடங்க வேண்டும். இரவில் உறங்குமுன், அன்று பயிற்சி நடந்ததா, மூச்சு எப்படி இருந்தது, பகலில் எங்கே நிதானம் தவறியது என்பதை இரண்டு வரியில் எழுதி வைப்பது மிகுந்த பயனளிக்கும். ஒரு நாள் தவறிவிட்டால் அதற்காக வருந்திக் காலம் போக்காமல் மறுநாள் அமர்ந்துவிட வேண்டும். நின்றுபோவதைக் காட்டிலும் குறைத்துச் செய்வது மேல்.

யோகத்தைப் பற்றிய நூல்களுக்கும் பிரசங்கங்களுக்கும் இக்காலத்தில் குறைவில்லை. இன்னும் ஒன்றைக் கேட்பதால் நமக்குப் புதிதாகத் தெரியப்போவது அதிகம் இராது. ஆகையால் நேயர்களே, தகுதியுள்ள ஓர் ஆசிரியரைத் தேடிக்கொள்ளுங்கள். அவர் கொடுக்கும் பாடம் சிறிதாக இருக்கிறதே என்று குறைப்பட வேண்டாம். அதை ஆறு மாதம் விடாமல் செய்து முடித்த பிறகு, அடுத்த பாடத்தைக் கேளுங்கள்.